நாற்பத்தோராவது சுனையில் நின்றவன்

மாலை ஆறு இருபது. மலையைச் சுற்றிப் போகும் தார்ச்சாலை முடிந்து, மண்பாதை தொடங்கும் இடம். அங்கே ஒரு ஜீப் நிற்கிறது. அதைத் தவிர வேறு எதுவும் இல்லை... ஒரு நாய்கூட இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு விளக்கு இல்லை.

ஜன்னல் பக்கம் இருக்கிறவன் கொண்டியைப் போட்டுவிடப்பா. பயத்துக்காகச் சொல்லவில்லை, குளிர்காற்று வருகிறது.

இது நம் கடைசி பெஞ்சுக்காரனின் சித்தப்பாவுக்கு நடந்தது. அவன் இன்று ஹாஸ்டலில் இல்லை, அதனால்தான் சொல்ல முடிகிறது. இருந்தால் வாயைப் பொத்திவிடுவான். சித்தப்பா பேய் பிசாசை நம்புகிற ஆள் கிடையாது. அரசாங்க வேலையில் இருபத்திரண்டு வருடம். படிவத்தில் கட்டம் இல்லாத எதையும் அவர் நம்பியதில்லை.

அவருக்கு வேலை போட்டோ எடுப்பது. கல்யாணப் போட்டோ இல்லை. கோயில், குளம், மண்டபம், பழைய மரம், கல்வெட்டு... இதையெல்லாம் படம் எடுத்து, அளந்து, பதிவேட்டில் ஏற்றுகிற பாரம்பரியத் துறையில். அந்த வருடம் அவரிடம் கொடுத்தது ஒரு புனித மலையை. உச்சியில் கோயில். அடிவாரத்தைச் சுற்றி நாற்பத்தொரு சுனை. ஒவ்வொரு சுனைக்கும் ஒரு சாமி, ஒரு கதை, ஒரு பலன். ஒன்றில் குளித்தால் பாவம் போகும், ஒன்றில் கோபம் போகும், ஒன்றில் மூட்டுவலி போகும். அது போக நீர்நாய் உண்டு, பாறை இடுக்கில் கூடு கட்டும் குருவி உண்டு, வேறெங்கும் பார்க்க முடியாத ஒரு வகைப் பாசி உண்டு.

துறையின் படிவத்திலோ இரண்டே கட்டம். இயற்கை, கலாசாரம். ஒன்றில்தான் டிக் அடிக்கலாம். சுனை எதில் சேரும் என்று மூன்று கூட்டம் போட்டார்கள். தண்ணீர் இயற்கை. படிக்கட்டு கலாசாரம். படியில் இருக்கிற பாசி மறுபடியும் இயற்கை. அதில் வழுக்கி விழுகிற பக்தர் எந்தக் கட்டத்தில் வருவார் என்ற இடத்தில் கூட்டம் கலைந்தது.

சிரிக்காதீர்கள். அவசரம் என்னவென்றால், மலையைச் சுற்றிய சாலையை அகலமாக்கப் போகிறார்கள். பட்டியலில் இருக்கிற சுனை பிழைக்கும். இல்லாததை மண் போட்டு மூடிவிடுவார்கள். பட்டியல் மறுநாள் காலை பத்து மணிக்கு முடிகிறது. நாற்பது சுனை எடுத்தாகிவிட்டது. பாக்கி ஒன்று.

சித்தப்பாவோடு போனது ஒரே ஒரு ஆள். சித்தியின் தம்பி. ஆபீஸில் அவன் பெயர் ஸ்கேல். அவன் செய்த வேலை அப்படி. படத்தில் சுனை எத்தனை பெரியது என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டுமே... அதற்காக எதிர்க்கரையில் ஒருவன், சிவப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்த இரண்டு மீட்டர் கம்பைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. மூன்று வருடம் வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு, நிற்கிற வேலை கிடைத்ததில் சித்திக்கு அத்தனை சந்தோஷம். தாய் இல்லாத பிள்ளை. பத்து வயதுச் சிறுமியாக அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். இவர்கள் கிளம்பிய அன்று ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு சித்தப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"உங்களை நம்பித்தான் அனுப்பறேன். முழுசா கூட்டிட்டு வாங்க."

"இவன் என்ன சண்டைக்கா போறான்? கம்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கப் போறான்" என்றார் சித்தப்பா.

இப்போது அந்த வேலையின் முறையைச் சொல்ல வேண்டும். வெளிச்சம் குறைந்த இடத்தில் எடுக்கும்போது கேமரா முப்பது விநாடி கண்ணைத் திறந்துகொண்டே இருக்கும். அந்த முப்பது விநாடியும் ஸ்கேல் அசையக் கூடாது. அசைந்தால் படத்தில் புகை மாதிரி மங்கிப் போவான். ஒரு சுனைக்கு மூன்று படம். மூன்றும் முடிந்ததும் சித்தப்பா கையைத் தூக்கி, "ஆச்சு!" என்று கத்துவார். அதன் பிறகுதான் அவன் மனுஷன். அதுவரை கம்புக்கு ஒரு பிடி.

எட்டாவது சுனையில் ஒரு எறும்பு கடித்தது. அவன் சொறிந்துவிட்டான். படத்தில் அவனுக்கு மூன்று கை. சித்தப்பா அத்தனை பக்தர்கள் முன்னால் வைத்துக் கத்தினார்.

"எறும்பு கடிச்சா என்ன, பாம்பு கடிச்சா என்ன? நான் ஆச்சுன்னு சொல்ற வரைக்கும் இந்த மலையே நகர்ந்தாலும் நீ நகரக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. மண்டைல ஏறுதா?"

அவன் கண் சிவந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினான். அதற்குப் பிறகு முப்பத்திரண்டு சுனை. கண்ணிமைகூட ஆடவில்லை.

இன்னொன்று. படிவத்தில் 'ஐதீகம்' என்று ஒரு பத்தி இருந்தது. நாற்பது சுனைக்கும் மலைக்கோயில் பூசாரி நோட்டுப் புத்தகம் தீரும்வரை கதை சொன்னார். நாற்பத்தொன்றுக்கு வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்குக் கதை ஒண்ணும் இல்லீங்க."

"ஏதாவது சொல்லுங்க சாமி. பத்தி காலியா இருந்தா மேல திருப்பி அனுப்பிடுவாங்க."

"மலையைச் சுத்தறவங்க அதை நடந்துக்கிட்டே கும்பிடுவாங்க. அங்க யாரும் நிக்க மாட்டாங்க. அவ்ளோதான்."

"ஏன்?"

"எங்க அப்பாவும் நின்னதில்ல. எனக்கெப்படித் தெரியும்?"

சித்தப்பா எழுதிக்கொண்டார். ஐதீகம்: இல்லை. பக்தர் வருகை: குறைவு.

"டேய், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று மெக்கானிக்கல்காரன் கேட்கிறான். கதை நடுவே கேள்வி கேட்கிறவனுக்கு அரியர் விழும். பேசாமல் போர்வையை இழுத்துக்கொள்.

ஆறு இருபது. ஜீப்பை விட்டு இறங்கி மண்பாதையில் பத்து நிமிடம் நடந்தார்கள். ஸ்கேல் முன்னால். அன்று மதியம் முள்ளில் மாட்டி அவன் சட்டையின் வலது கை தோள்வரை கிழிந்திருந்தது. இடத்தைச் சுற்றிக் கட்டுகிற மஞ்சள் பிளாஸ்டிக் டேப்பைச் சித்தப்பாதான் அதில் சுற்றிவிட்டிருந்தார். நடக்கும்போது அது சரசரவென்றது.

சுனை சின்னது. மூன்று பக்கம் பாறை. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இருபதடி இருந்தால் அதிகம். சுற்றி வர ஓர் ஒற்றையடிப் பாதை. மற்ற நாற்பது சுனையிலும் தவளை காதைக் கிழித்தது. இங்கே ஒன்றும் கத்தவில்லை. தண்ணீரிலிருந்து ஒரு வாடை வந்தது. பழைய செப்புக் காசைக் கையில் வைத்து ரொம்ப நேரம் தேய்த்தால் வருமே, அந்த வாடை. யாருமே நிற்காத இடத்தில் யார் காசு போட்டிருப்பார்கள் என்று சித்தப்பாவுக்கு ஒரு நொடி தோன்றியது. காலிப் பத்தி இல்லாததால் அதை எழுதவில்லை.

"அத்தான், இதோட முடிஞ்சுதுல்ல?"

"முடிஞ்சுது. நாளைக்கு வீட்ல உங்க அக்கா கையால சாப்பாடு."

"நாளைக்கு நான் நாள் பூரா உக்காரப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கம்போடு பாதையைச் சுற்றிப் போனான். டேப்பின் சரசரப்பு போய்க்கொண்டே இருந்து... எதிர்க்கரையில் நின்றது.

சித்தப்பா கேமராவுக்குள் கண்ணை வைத்தார். தண்ணீர் விளிம்பில், கடைசிப் படியில், கம்பு நேராக நின்றது. அவனும்.

முதல் படம். முப்பது விநாடி. இரண்டாவது. வெளிச்சம் தட்டில் மிச்சமிருக்கிற குழம்பு மாதிரி ஓரத்தில் கொஞ்சம்தான் இருந்தது. மூன்றாவது படத்துக்கு அழுத்தினார். வாய்க்குள் எண்ணினார். பதினெட்டு... பத்தொன்பது... இருபது...

பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது.

"அத்தான்."

சித்தப்பா துள்ளி விழுந்தார். திரும்பிப் பார்த்தால்... ஸ்கேல். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

"அறிவிருக்காடா உனக்கு? யாருடா உன்னை வரச் சொன்னது? நான் ஆச்சுன்னு சொன்னேனா?"

"சொல்லல."

"அப்புறம்?"

"இப்ப சொல்லிடுங்களேன்."

அதை அவன் கேட்ட விதம் ஒரு மாதிரி இருந்தது. குழந்தை மிட்டாய் கேட்கிற மாதிரி. ஆனால் சித்தப்பாவுக்குக் கழுத்து வலி, பசி, கொசு. காலை பத்து மணிக்குள் நாற்பத்தொரு படிவம் ஏற்ற வேண்டும். இரண்டு படம் தேறியிருக்கிறது, போதும்.

"சரி, ஆச்சு. ஆச்சுடா! போதுமா? கிளம்பு."

அவன் ஒரு பெருமூச்சு விட்டான். நீ...ளமான பெருமூச்சு. நடுவில் நிறுத்தவே இல்லை. ஒரு ஆளுக்குள் அத்தனை காற்று இருக்காது.

எதிர்க்கரை அப்போது கன்னங்கரேலென்று ஆகிவிட்டிருந்தது. சித்தப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ஆள்தான் இங்கே இருக்கிறானே. கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"கம்பு எங்கடா?"

"அங்கயே இருக்கு அத்தான். பத்திரமா இருக்கு."

அரசாங்கக் கம்பு தொலைந்தால் மூன்று படிவம். காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

ஜீப்பில் அவன் உட்கார்ந்த அழகைப் பார்க்க வேண்டும். கிழிந்த ரெக்ஸின் சீட்டைக் கையால் தடவித் தடவிப் பார்த்தான். முதுகைச் சாய்த்தான். எழுந்து, மறுபடி உட்கார்ந்தான்.

"உக்கார்றதுல எவ்ளோ சுகம் அத்தான்..."

சித்தப்பா சிரித்துவிட்டார். "ஆமாண்டா, ராஜா சிம்மாசனம்."

அடிவாரத்தில் யாத்ரிகர் விடுதி. பன்னிரண்டு நாளாக அங்கேதான் தங்கியிருந்தார்கள். ஒரு அறை, இரண்டு கட்டில், ஒரு டியூப்லைட், சுவரில் ஒரு ஆணி. ஸ்கேல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கட்டிலில் நீட்டிப் படுத்தான். சாப்பாடு வேண்டாம் என்றான். சித்தப்பா மேஜையில் கம்ப்யூட்டரை விரித்துப் படிவம் நிரப்ப உட்கார்ந்தார். ஒன்பது... பத்து... பதினொன்று. எங்கேயோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்... சொட்... அந்த அறையில் குழாய் இல்லை என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

கண்ணைக் கசக்க நிமிர்ந்தார். எதிரே ஆணியில் சட்டை. துறை கொடுத்த நீலச் சட்டை. வலது கை இந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

முழுக் கை. கிழிசல் இல்லை. டேப் இல்லை.

மாற்றுச் சட்டையாக இருக்கும் என்று நினைத்தார். எப்போது மாற்றினான்? நடுக்காட்டிலா? சரி... இருக்கட்டும். மூன்றாவது படம் எப்படியும் கெட்டிருக்கும், அழித்துவிடலாம் என்று திறந்தார்.

கெடவில்லை.

இருபதாவது விநாடியில் அவன் இவர் தோளில் கை வைத்தான். இருபதாவது விநாடிக்கு அவன் இந்தக் கரையில் இருக்க வேண்டுமென்றால், அதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பியிருக்க வேண்டும். படத்தில் மங்கியிருக்க வேண்டும். புகையாகியிருக்க வேண்டும். ஆனால் கம்பு கத்தியால் வெட்டிய மாதிரி துல்லியமாக நின்றது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. பிடித்திருந்த விரல்களை எண்ணலாம். பெரிதாக்கினார். வலது தோள். மஞ்சள் டேப். அதன் ஒரு முனை தண்ணீரை நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பெரிதாக்கினார். முகம். கண் நேரே கேமராவைப் பார்த்தது. உதடு இறுக மூடியிருந்தது. சொன்னபடி.

சித்தப்பா மெதுவாகத் திரும்பினார்.

கட்டிலில் இருந்தது கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தது.

"தூங்கலையா அத்தான்?"

"சிகரெட்... சிகரெட் வாங்கிட்டு வந்துடறேன்."

"மெதுவா வாங்க" என்றது அது. புரண்டு படுத்தது. "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நான் எத்தனை காலம் நின்னிருக்கேன் தெரியுமா?"

சித்தப்பா சிகரெட் பிடிக்கிறவர் இல்லை. படி இறங்கிய விதத்தில் ஒரு செருப்பு அறுந்தது. இன்னொன்றை அவரே உதறினார். ஜீப்பின் துவாரத்தில் சாவியைப் போட நாலு தடவை முயன்றார். ஓட்டும்போது வாய் தானாகக் கணக்குப் போட்டது. ஆறு நாற்பத்தொன்பதுக்கு எடுத்த படம். இப்போது பதினொன்று இருபது. நாலரை மணி நேரம். அந்தக் குளிரில். அந்த இருட்டில். இந்தப் பையன்... 'ஆச்சு'க்காக... நின்றுகொண்டிருக்கிறான். ஜீப் கிளம்பிப் போன சத்தத்தைக் கேட்டிருப்பான். அத்தான் வருவார் என்று நின்றிருப்பான். மலையே நகர்ந்தாலும் நகரக் கூடாது என்று சொன்னது யார்?

மண்பாதையில் வெறுங்காலோடு ஓடினார். கல் குத்தியது, முள் ஏறியது, ஒன்றும் தெரியவில்லை. சுனைக்கரையில் போய் டார்ச்சை அடித்தார்.

நின்றுகொண்டிருந்தான்.

அப்பாடா என்று சித்தப்பா அழுதேவிட்டார். கையைத் தூக்கினார். "ஆச்சு! டேய், ஆச்சுடா! வாடா!"

அவன் அசையவில்லை.

"ஆச்சு! கேக்குதா? முடிஞ்சுது! வா, வீட்டுக்குப் போலாம்!"

டார்ச் வெளிச்சத்தில் கண் மட்டும் அவரைப் பார்த்தது. கன்னம் ரெண்டும் ஈரம். துடைக்கவில்லை. துடைத்தால் அசைந்ததாகிவிடும்.

சரி, போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரலாம் என்று பாதையைச் சுற்றி ஓடினார். அந்தக் கரைக்குப் போனார். கடைசிப் படி. அங்கே யாரும் இல்லை. திரும்பினால்... எதிரே. அவர் இப்போதுதான் விட்டு வந்த கரையில், அதே கம்போடு நிற்கிறான்.

திரும்பி ஓடினார். இந்தக் கரைக்கு வந்தால் அவன் அந்தக் கரையில். அந்தக் கரைக்குப் போனால் இந்தக் கரையில். வலமாகச் சுற்றினார், இடமாகச் சுற்றினார், பாதி வழியில் சட்டென்று திரும்பிப் பார்த்தார். எப்போதும் நடுவில் தண்ணீர். எப்போதும் இருபதடி. பத்துச் சுற்று, இருபது சுற்று... மூச்சு வாங்கியது. ஓடுகிறவரை ஒன்றும் செய்யவில்லை அந்த இடம். நிற்கிறவனைத்தான் வைத்துக்கொண்டிருந்தது.

டார்ச்சையும் போனையும் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். நீச்சல் தெரியாது. இருந்தும் இறங்கினார். முதல் படி. இரண்டாவது படி. அந்தக் குளிரில் தண்ணீர் உடம்புச் சூட்டில் இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன படுக்கை மாதிரி. இடுப்பு வரை போனார். மார்பு வரை போனார். எதிர்க்கரை ஓர் அடிகூட நெருங்கி வரவில்லை. அடுத்த காலுக்குத் தரை இல்லை. தொப்பென்று உள்ளே போய், கல்லைப் பிடித்து, இருமிக்கொண்டு கரையேறினார்.

அவனுடைய நம்பரை அடித்தார். எதிர்க்கரையில் அவன் சட்டைப்பையில் வெளிச்சம் வந்தது. ரிங்டோன் கேட்டது. அடித்து அடித்து ஓய்ந்தது. அவன் எடுக்கவில்லை. அவன் பார்வை மட்டும் ஒரு தடவை பைக்குப் போய், மறுபடி இவரிடம் வந்தது.

அங்கே எப்படி டவர் கிடைத்தது என்று மெக்கானிக்கல்காரன் முணுமுணுக்கிறான். மலை உச்சியில் கோயிலுக்குப் பின்னால் பெரிய டவர் இருந்தது. அது இயற்கையா கலாசாரமா என்று இன்னும் முடிவாகவில்லை. போதுமா?

அப்போதுதான் சித்தப்பாவுக்குப் புரிந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. சாயங்காலமே சொல்லியாகிவிட்டது. வேறு ஒருவனுக்கு. அது அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இருந்தும் கத்தினார். ஆச்சு, ஆச்சு, ஆச்சு என்று நூறு தடவை, இருநூறு தடவை. குரல் கம்மியது. பிறகு உடைந்தது. பிறகு காற்றுதான் வந்தது.

ஒன்று பத்துக்குச் சித்தியைக் கூப்பிட்டார்.

"ஏங்க? என்னங்க இந்நேரத்துல? குரல் ஏன் இப்படி இருக்கு?"

கிசுகிசுப்பாகச் சொன்னார். திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னார்.

"குடிச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"சத்தியமா?"

"உன் தம்பி மேல சத்தியமா." சொல்லிவிட்டு அவரே விம்மினார்.

இருபது வருடக் குடித்தனத்தில் அவர் அழுது அவள் கேட்டதில்லை. சித்தியின் குரல் மாறியது.

"ஸ்பீக்கர்ல போடுங்க. அவன் பக்கம் காட்டுங்க."

போனைத் தண்ணீருக்கு மேலே நீட்டிப் பிடித்தார்.

"தம்பி... அக்காடா. கேக்குதா கண்ணு?"

கம்பு ஆடியது.

ஒரு விரல்கடை. அவ்வளவுதான். ஆனால் ஆடியது. சித்தப்பா "பேசு, பேசு, அசையறான்!" என்றார். குரல் வரவில்லை. ஆனாலும் அவளுக்குப் புரிந்தது.

சித்தி பேசினாள். விடாமல் பேசினாள். அவன் பள்ளிக்கூடத்தில் பென்சிலை மூக்கில் விட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொன்னாள். அப்பாவின் சைக்கிளை விற்றுச் சினிமாவுக்குப் போய், ரிப்பேருக்குக் கடையில் விட்டிருப்பதாகச் சொன்ன பொய்யைச் சொன்னாள். முதல் சம்பளத்தில் அக்காவுக்கு வாட்ச் வாங்கி, அது ஆம்பளை வாட்ச் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாததைச் சொன்னாள். "இன்னமும் அதைத்தான்டா கட்டியிருக்கேன். கையைவிடப் பெருசா இருக்கு" என்றாள். ஒவ்வொன்றுக்கும் கம்பு கொஞ்சம் சாய்ந்தது. அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஒரு தடவை வலது கால் குதிங்கால் படியைவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்து... மறுபடி இறங்கியது.

"வந்துடுவான்" என்றார் சித்தப்பா காற்றுக் குரலில். "இன்னும் கொஞ்சம். விடாதே."

"அவனைக் கூட்டிக்கிட்டு வராம நீங்க இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது" என்றாள் சித்தி. அழுதுகொண்டேதான் சொன்னாள்.

இரண்டரை இருக்கும். மேலே சாலையில் ஜீப் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. இவர் ஜீப்தான். அந்த இருமல் வேறு எந்த வண்டிக்கும் வராது. சித்தப்பா பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். சாவி உள்ளேயே இருந்தது. வண்டி திரும்பியது. சத்தம் மலையைச் சுற்றிப் போய்த் தேய்ந்தது. போகட்டும். ஜீப்தானே. சித்தி அடுத்த கதையைத் தொடங்கியிருந்தாள். கம்பு கால்வாசி சாய்ந்திருந்தது.

அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேரப் பாதை.

மூன்றரை. சித்தி நடு வாக்கியத்தில் நிறுத்தினாள். போனுக்குள் காலிங் பெல் கேட்டது.

"இருங்க... வாசல்ல யாரோ."

வெறுங்கால் தரையில் நடக்கிற சத்தம். விளக்கு ஸ்விட்ச். டிக்.

"யாரு?"

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. சித்தப்பாவின் குரல். உடையாத, கம்மாத, நேற்றுச் சாயங்காலம் வரை அவரிடம் இருந்த குரல்.

"நான்தாம்மா. கதவைத் திற. கூட்டிட்டு வந்துட்டேன்."

அதன் பின்னால் இன்னொரு குரல். "அக்கா... கால் வலிக்குதுக்கா."

சித்தப்பா போனில் கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். திறக்காதே, அது நான் இல்லை, நான் இங்கே இருக்கிறேன் என்று கத்தினார். காற்றுதான் வந்தது. பலூனில் ஓட்டை விழுந்த மாதிரி ஒரு ஸ்ஸ்... அவ்வளவுதான்.

தாழ்ப்பாள் விலகியது.

ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சித்தியின் அழுகை. "தம்பீ..." என்று அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டு அழுகிற அழுகை. வீட்டுக்குள் வருகிற காலடிகள். நாற்காலி இழுபடுகிற சத்தம். ஒன்று. இன்னொன்று. இரண்டு பேர் உட்காருகிற சத்தம்.

இரண்டு பெருமூச்சு. நீளமாக.

"போன்ல யாரும்மா, இந்நேரத்துல?" என்று கேட்டது சித்தப்பாவின் குரல்.

சித்தியின் மூச்சு மட்டும் போனில் விழுந்துகொண்டிருந்தது. அவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது சித்தப்பாவுக்குத் தெரியும். தம்பியின் முகத்தை. அது வீட்டில் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. தொட முடிகிற தூரத்தில் இருந்தது.

சித்தப்பா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஸ்ஸ்... ஸ்ஸ்... என்றார். அவருக்கு மிச்சமிருந்த பாஷையில் அது அவள் பெயர்.

"ராங் நம்பருங்க" என்றாள் சித்தி.

லைன் கட்டாகியது.

போனின் வெளிச்சம் அணைந்தது. சித்தப்பா கரையில் நின்றார். உட்காரத் தோன்றவில்லை. நடக்கவும் தோன்றவில்லை. தண்ணீருக்கு அந்தப் பக்கம், இருட்டில், சாய்ந்திருந்த கம்பு மெல்ல மறுபடி நேராகியது. இத்தனை மணி நேரமாக இறுக மூடியிருந்த வாய் திறந்தது.

"அத்தான்..." என்றான். "அக்கா என்ன சொன்னா?"